‘தாத்தா வீடு’ குழு, வெள்ளிக்கிழமை இரவு

மே 30, 2025

அம்மா (9:38): மண்டபத்து மேனேஜர் மறுபடி போன் செய்தார். 7ஆம் தேதி வரவேற்புக்குப் பாட்டு போட்டால் லைசென்ஸ் பணம் கட்டணுமாம். ரசீது காட்டினால்தான் ஸ்பீக்கருக்குக் கரண்ட் கொடுப்பாராம். யாராவது விசாரித்துச் சொல்லுங்கள்.

பெரியப்பா: எவ்வளவு

அம்மா: தொகை சொல்லவில்லை மாமா.

சித்தப்பா: கட்ட வேண்டாம். நேரில் போய்ப் பேசுகிறேன்.

பெரியப்பா: பேசி என்ன. மண்டபம் அவருடையது.

அத்தை: நிச்சயதார்த்த வீடியோவிலும் சத்தமே இல்லை. என் போன்தான் கெட்டுப்போச்சு என்று இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

தம்பி: காப்பிரைட் அத்தை. பின்னாடி பாட்டு ஓடின இடமெல்லாம் சத்தத்தை எடுத்துட்டாங்க

அத்தை: தட்டு மாற்றும்போது அப்பத்தா பேசினது?

தம்பி: அதுவும்தான்

அத்தை: அடப்பாவமே

அம்மா: தாம்பூலப் பைக்கு இன்னும் கலர் சொல்லவில்லை. நாளைக்குள் சொன்னால்தான் கிடைக்கும்.

அக்கா: மெரூன்

பெரியப்பா: மஞ்சள்தான் வழக்கம்

நான் (10:06): டெய்லர் வாங்கிட்டாங்க!!!!!

நான்: எல்லாத்தையும்!!!!!

அம்மா: ப்ளவுஸா? நாலும் தைத்தாச்சா? கை அளவு சரியாக இருக்கா?

அக்கா: அம்மா, அது வேற டெய்லர்

அம்மா: வேற யாரிடம் கொடுத்தாய்? விளக்குத்தூண் பக்கம் கொடுக்காதே என்று சொன்னேனே.

சிங்கப்பூர் மதினி: குட்டி!!!! நானும் இப்போதுதான் பார்த்தேன். அழுகையே வந்துவிட்டது.

அத்தை: ஏன்மா அழுகிறாய், அங்கே மணி பன்னிரண்டரை ஆச்சே. மாப்பிள்ளைக்கு ஒன்றும் இல்லையே?

சிங்கப்பூர் மதினி: நல்ல செய்திம்மா. குட்டி சொல்வாள்.

நான்: எல்லாரும் ஒரு நிமிடம் கேளுங்கள். டெய்லர் ஸ்விஃப்ட், அமெரிக்கப் பாடகி. என் அறைக் கதவில் படம் ஒட்டியிருக்கிறதே, அவர்தான். 15 வயதில் நாஷ்வில்லில் பிக் மெஷின் என்ற சின்ன கம்பெனியில் கையெழுத்துப் போட்டார். 2006இலிருந்து 2017 வரைக்கும் அங்கே ஆறு ஆல்பம். எழுதினதும் பாடினதும் அவர். ஆனால் ஸ்டுடியோவில் பதிவான மூலப் பிரதி, மாஸ்டர் என்பார்கள், அது கம்பெனி சொத்து. 2019 ஜூனில் ஸ்கூட்டர் பிரான் என்பவர் அந்தக் கம்பெனியையே வாங்கினார், கிட்டத்தட்ட 30 கோடி டாலர். ஆறு ஆல்பமும் கூடவே போய்விட்டது. அடுத்த வருடமே அவர் அந்த ஆறையும் ஷாம்ராக் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றார். இன்றைக்கு டெய்லர் அவர்களிடமிருந்து மொத்தமாக வாங்கிவிட்டார். பாட்டு, வீடியோ, கச்சேரிப் படம், அட்டைப் படம், வெளிவராத பாட்டு எல்லாம். பழைய ஆறு இசைத்தட்டையும் சுற்றிப் பரப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிற படம் போட்டிருக்கிறார். அந்தச் சிரிப்பைப் பாருங்கள்.

நான்: [படம்]

பெரியப்பா: தான் எழுதின பாட்டைத் தானே காசு கொடுத்து வாங்கினாளா

நான்: ஆமா பெரியப்பா. அதுதான் கொடுமை. வயலில் உழுது விதைத்தது ஒருத்தர், பட்டா இன்னொருத்தர் பேரில் இருக்கிற மாதிரி. அதைவிட அவருக்கு வலித்தது எது தெரியுமா, 2019இல் விற்றபோது ஊர் உலகத்துக்குத் தெரிந்த நேரத்தில்தான் தனக்கும் தெரிந்தது என்று எழுதினார். கம்பெனி முதலாளி அதை மறுத்தார். முன்னாடியே மெசேஜ் அனுப்பினேன் என்றார்.

அத்தை: நம்ம கிணத்துத் தோட்டம் மாதிரி.

அத்தை: எனக்கும் பால்காரர் சொல்லித்தான் தெரியும்.

பெரியப்பா: நான் போன் போட்டேன்

பெரியப்பா: இரண்டு தடவை

அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அம்மா: வரவேற்புக்கு ஜிகர்தண்டா சொல்லட்டுமா, பாதாம்பாலா?

தம்பி: ஜிகர்தண்டா

மாமா: ஜிகர்தண்டா

அக்கா: ரெண்டும்

பெரியப்பா (10:24): அப்பா அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இருந்தார். நாலு நாளில் பணம் கட்டச் சொன்னார்கள். வேற வழி இல்லை.

அப்பா: விடுங்கள் அண்ணே

சித்தப்பா: குட்டி, நீ சொல்லு. அந்தப் பொண்ணு ஆறு வருடம் சும்மாவா இருந்தது?

நான்: இல்லை சித்தப்பா! அதுதான் பெரிய கதை. மாஸ்டர்தான் போச்சு, ஆனால் எழுதின உரிமை அவரிடமே இருந்தது. ஒப்பந்தப்படி 2020 நவம்பருக்கு அப்புறம் பழைய பாட்டை மறுபடி பாடிப் பதிவு செய்யலாம். அதே மெட்டு, அதே வரி, புதுப் பதிவு. அட்டையிலேயே ‘டெய்லர்ஸ் வெர்ஷன்’ என்று போட்டார். 2021இல் இரண்டு ஆல்பம், 2023இல் இரண்டு. படத்துக்கோ விளம்பரத்துக்கோ பாட்டு வேண்டும் என்றால் எழுதினவர் அனுமதியும் வேண்டும் இல்லையா, அவர் புதுசுக்குத்தான் தலையாட்டுவார். பழைய மாஸ்டரை வைத்திருந்தவர்களுக்குச் சொத்தின் மதிப்பே இறங்கியது.

நான்: ரசிகர்கள் நாங்களும் பழையதைக் கேட்பதை நிறுத்திவிட்டோம். 2021 நவம்பரில் வந்த ஒரு பாட்டு 10 நிமிடம் 13 விநாடி. அமெரிக்காவில் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்ததிலேயே நீளமான பாட்டு அதுதான்.

தம்பி: பத்து நிமிஷமா

சித்தப்பா: முழுப் பக்கமும் மூன்று பாட்டிலேயே முடிந்துவிடும். 60 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் அரை மணி நேரம்.

மாமா: கடை போர்டு இன்னும் இருக்கா மச்சான்

சித்தப்பா: மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாக இருக்கு.

அத்தை: பாப்பா, இவ்வளவு பணம் அந்தப் பொண்ணுக்கு ஏது?

சிங்கப்பூர் மதினி: கச்சேரிம்மா. 2023 மார்ச்சிலிருந்து 2024 டிசம்பர் வரைக்கும் 149 கச்சேரி. டிக்கெட் மட்டும் 200 கோடி டாலருக்கு மேல். நான் போனேனே, போன வருடம் மார்ச்சில், இங்கே நேஷனல் ஸ்டேடியத்தில். ஆறு நாள் நடந்தது. தென்கிழக்கு ஆசியாவில் வேறு எங்கேயும் நடக்கவில்லை. பக்கத்து நாட்டிலிருந்தெல்லாம் விமானம் பிடித்து வந்தார்கள்.

அத்தை: அன்றைக்குத்தான் கை நிறைய பாசிமணி போட்டுக்கொண்டு வந்தாயே

சிங்கப்பூர் மதினி: அது நட்புக் கயிறு. நாமே கோத்து, முன்பின் தெரியாதவர்களோடு மாற்றிக்கொள்வோம். பதினேழு கிடைத்தது.

அக்கா: எனக்கு ஒரு யோசனை!! தாம்பூலப் பைக்குள் ஆளுக்கு ஒன்று போடலாமா?

அம்மா: 600 பேருக்கு யார் கோப்பது

அக்கா: என் ஃப்ரெண்ட்ஸ் மேசைக்கு மட்டும்

பெரியப்பா: தேங்காய் போதும்

நான் (10:51): இப்போது ஒன்று சொல்ல வேண்டும். மதினி 2014இல் லீவுக்கு வந்தபோது ஒரு பென்டிரைவ் கொடுத்தீர்கள், நினைவிருக்கா? 2012இல் வந்த ஆல்பம் அதில் இருந்தது. எனக்கு 11 வயது. ஒரு வார்த்தையும் புரியாமல் அந்த முழு லீவும் அதையேதான் கேட்டேன். புதுப் பதிவு வந்ததும் பழையதைப் போனிலிருந்தே அழித்துவிட்டேன். மூன்றரை வருடம் தொடவில்லை. இன்றைக்குச் செய்தி படித்ததும் மாடிக்குப் போய் அதைத்தான் போட்டேன்.

நான்: குரல் எவ்வளவு இளசு! புதுப் பதிவில் பாடினவருக்கு 31 வயது, எல்லாம் தெரிந்த குரல், ஒரு இடத்திலும் பிசிறு இல்லை. பழையதில் மூச்சு வாங்குகிற சத்தம்கூடக் கேட்கிறது. அதைப் பாடும்போது அவருக்கு 22. எனக்கும் இப்போது 22. புதுசு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த 22 வயதை மறுபடி பதிவு செய்ய முடியாது இல்லையா. அவரே இன்றைய கடிதத்தில் 2017 ஆல்பத்தை மறுபடி பாட முயன்று கால்வாசிகூட முடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறார். எனக்கு அது முழுக்கப் புரிந்தது.

சிங்கப்பூர் மதினி: பென்டிரைவ் சிவப்புக் கலர்

நான்: ஆமா!! மூடி இல்லாதது

அப்பா: சாப்பிட்டாயா பாப்பா

நான்: இன்னும் இல்லைப்பா

அம்மா: தோசை ஆறிப்போச்சு. மாடியில் இருந்து இறங்கி வா.

சித்தப்பா (11:02): குட்டி சொல்வதைத்தானே ராஜாவும் இத்தனை வருடமாக நீதிமன்றத்தில் கேட்கிறார். அவரைப் பேராசைக்காரர் என்று நம்ம ஆட்களே திட்டுகிறார்கள். எனக்கு அது பொறுக்காது.

மாமா: தயாரிப்பாளர் சம்பளம் கொடுத்தாச்சே மச்சான். கொத்தனார் கட்டின வீட்டுக்கு வாடகை கேட்பாரா?

சித்தப்பா: பாட்டும் வீடும் ஒன்றா? 2012இல் சட்டத்தையே திருத்தினார்கள். தியேட்டரில் படத்தோடு ஓடுவதை விட்டுவிடுங்கள், மற்ற இடங்களில் ஓடினால் எழுதினவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு. அதை எழுதிக் கொடுத்துவிடவும் முடியாது. பழைய படங்களுக்குத்தான் இவ்வளவு சண்டை. அந்தக் காலத்தில் யார் இதையெல்லாம் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள்.

மாமா: ம்

சித்தப்பா: நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கடையில் பதிமூன்று வருடம் பாட்டு பதிவு செய்து கொடுத்தேன். துண்டுச் சீட்டில் பாட்டு வரிசை எழுதிக்கொண்டு வருவார்கள், நாலு நாளில் கேசட் தருவேன். யாரிடமும் அனுமதி வாங்கியதில்லை. அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதில் வந்த காசில்தான் தங்கச்சி கல்யாணத்துக்கு அரை பவுன் போட்டேன். இன்றைக்கு நினைத்தால் அந்தக் காசில் அவர்களுக்கும் ஒரு பங்கு போயிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

அத்தை: அந்தத் தோடு இப்பவும் காதில்தான் இருக்கு அண்ணே

பெரியப்பா: லைசென்ஸ் விஷயம் என்ன ஆச்சு

நான்: பெரியப்பா, பார்த்துவிட்டேன்! 1957 பதிப்புரிமைச் சட்டம், 52ஆம் பிரிவு. கல்யாண ஊர்வலத்திலும் கல்யாணத்தோடு சேர்ந்த மற்ற விழாக்களிலும் பாட்டு போடுவது மீறல் ஆகாது. 2023 ஜூலை 24இல் மத்திய அரசே அறிவிப்புப் போட்டிருக்கிறது, கல்யாணத்தில் இதற்காகப் பணம் கேட்கக் கூடாது என்று. வரவேற்பும் அதில் சேர்ந்ததுதான். அச்செடுத்து மேனேஜரிடம் கொடுக்கலாம். ஆனால் வீடியோவை இணையத்தில் போடுவது வேறு கணக்கு, அங்கே விலக்கு இல்லை. அதனால்தான் நிச்சயதார்த்தத்தில் சத்தம் போச்சு. இந்தத் தடவை தாலி கட்டுகிற நேரத்தில் ஸ்பீக்கரை நிறுத்திவிடலாம். நாதஸ்வரக்காரரையும் கீர்த்தனை வாசிக்கச் சொல்லலாம்.

அம்மா: அப்போ பணம் வேண்டாமா

நான்: வேண்டாம்மா

பெரியப்பா: அவர் ஒத்துக்கொள்ள வேண்டுமே. எதற்கும் ஐயாயிரம் ஒதுக்கி வைக்கிறேன்.

சித்தப்பா: ஞாயிறு நானும் குட்டியும் போகிறோம்

அம்மா: ஞாயிறு பந்தல்காரர் வருகிறார்

சித்தப்பா: அப்போ திங்கள். பார்ப்போம்.

அக்கா: மேடை ஏறும்போது டெய்லர் பாட்டு ஒன்று. ப்ளீஸ். குட்டி எடுத்துத் தருவாள்.

பெரியப்பா: இங்கிலீஷ் பாட்டுக்கா மாப்பிள்ளை வீட்டார் எழுந்து நிற்பார்கள்

அக்கா: ஒரு நிமிடம் மட்டும் பெரியப்பா

பெரியப்பா: மாப்பிள்ளையிடம் கேள்

அத்தை (11:31): எனக்கு ஒரு ஆசை. அப்பா பாடின கேசட் ஒன்று உண்டு. கடை திறந்த அன்றைக்குச் சின்ன அண்ணன் பதிவு செய்தது. தெம்மாங்கு இரண்டு, அப்புறம் குலசாமி கதை. எனக்குக் கொடுத்த காப்பி அப்பவே நாடா சிக்கி அறுந்துபோச்சு. கல்யாணத்தன்றைக்குக் காலையில் அப்பா குரலைப் போட்டால் நன்றாக இருக்கும்.

நான்: தாத்தா பாடுவாரா?????

அப்பா: நன்றாகப் பாடுவார்

நான்: எனக்கு யாருமே சொன்னதில்லை

சித்தப்பா: மூலக் கேசட் என்னிடம் இல்லை. 90 நிமிடக் கேசட், வெள்ளை லேபிள், பச்சை மையில் எழுதியிருப்பேன்.

மாமா: பின்னே யாரிடம்

அப்பா: பெரிய அண்ணன் பீரோவில் இருந்ததாக நினைவு

பெரியப்பா எழுதுகிறார் என்று காட்டிக்கொண்டே இருந்தது.

பெரியப்பா (11:44): இருக்கு.

பெரியப்பா: பத்திரங்களோடு வைத்திருக்கேன். பத்து வருடமாகப் போட்டுப் பார்க்கவில்லை. கேட்க முடியவில்லை.

அத்தை: ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணே

பெரியப்பா: நீ கேட்கவில்லை

சிங்கப்பூர் மதினி: பெரிய மாமா, தயவுசெய்து யாரும் போட்டுப் பார்க்காதீர்கள். பழைய நாடா ஒட்டிக்கொண்டிருக்கும், ஓடவிட்டால் அறுந்துவிடும். முதலில் கையால் மெதுவாக ஒரு சுற்று சுற்றிவிட வேண்டும்.

சித்தப்பா: பென்சில் போதும். நான் செய்கிறேன். வேற யாரும் தொட வேண்டாம்.

நான்: ஓடும்போதே கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம் சித்தப்பா. அப்புறம் ஆளுக்கு ஒரு பிரதி. அத்தைக்கு முதல் பிரதி.

பெரியப்பா: கேசட் இங்கேதான் இருக்கும்

அத்தை: யார் கேட்டது. எனக்குக் குரல் போதும்.

அம்மா: நாளைக்குக் காலையில் எல்லாரும் இங்கே டிபனுக்கு வந்துவிடுங்கள். அண்ணி, நீங்களும்.

அத்தை: பார்க்கிறேன்

தம்பி: டேப் ரெக்கார்டர் யார்கிட்ட இருக்கு

தம்பி: ஹலோ

சித்தப்பா (11:58): பரணில் ஒன்று கிடக்கு. பெல்ட் போயிருக்கும். ரப்பர் பேண்டு போட்டு ஓடுமா பார்க்கணும்.

அக்கா: தாம்பூலப் பை மெரூன்தானே? கடைக்காரருக்கு மெசேஜ் போடட்டுமா?