மறு: 'வேர்ல்ட் பில்டிங்' – 'உலகியற்றல்' என்றால் என்ன குறை?

அன்பின் நண்பர்களுக்கு,

கதைக்கென்று ஒரு கற்பனை உலகத்தை, அதன் நிலம், விதி, வழக்கங்களோடு உருவாக்குவதை ஆங்கிலத்தில் 'வேர்ல்ட் பில்டிங்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் என்று கேட்ட இந்த இழையில் 'உலகக் கட்டுமானம்' என்பதற்குத்தான் ஆதரவு கூட. எனக்கு அது ஒட்டவில்லை. வெள்ளவத்தையில் எங்கள் பக்கத்துக் காணியில் தொடர்மாடி ஒன்று எழும்புகிறது. இரவு ஒன்பது மணிக்கும் கொங்கிரீட் லொறி வந்து நின்று உறுமும். 'கட்டுமானம்' என்றதும் காதில் அந்த லொறிதான் கேட்கிறது. 'உலக நிர்மாணம்' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அது அமைச்சு ஒன்றின் பெயர்ப்பலகை.

சரி, சொல்லைக் கொஞ்சம் ஒத்திவைத்துப் பொருளைப் பார்ப்போம். லொறிச் சத்தத்துக்குள் இந்த மாதம் வாசித்த புத்தகங்களையே எடுக்கிறேன்.

விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் 'த ஃபவுன்டன்ஸ் ஒஃப் பரடைஸ்', 1979இல் வந்தது. கொழும்பிலேயே குடியிருந்த மனிதர் எங்கள் தீவுக்குத் 'தப்ரபேன்' என்று பழைய பெயரைச் சூட்டி எழுதிய நாவல். பூமியிலிருந்து விண்வெளிக்கு ஏறும் உயர்த்தி ஒன்றைக் கட்ட நினைக்கும் பொறியியலாளரின் கதை. (லிஃப்டைப் பௌதிகவியல் வகுப்பில் உயர்த்தி என்றுதானே படித்தோம்!) பூமியோடு சேர்ந்து சுழலும் செய்மதிப் பாதை நடுக்கோட்டுக்கு நேர்மேலே, ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆகவே கோபுரத்தின் அடியும் நடுக்கோட்டில் நிற்கவேண்டும். இலங்கை அங்கே இல்லை. மனிதர் என்ன செய்தார்? தீவை 800 கிலோமீற்றர் தெற்கே இழுத்தார். சிவனொளிபாத மலையை இரண்டு மடங்கு உயர்த்தினார். அதைச் சிகிரியாவுக்குக் கிட்டக் கொண்டுவந்தார். மூன்றே மாற்றம், அதையும் பின்னுரையில் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார். மற்றதெல்லாம் நாங்கள் பள்ளிச் சுற்றுலாவில் மூச்சு வாங்க வாங்க ஏறிய அதே கல்லுத்தான். பாத்திரங்கள் அவ்வளவு நிற்கவில்லை, ஆளுக்கு ஆள் அறிக்கை வாசிக்கிற மாதிரிப் பேசுகிறார்கள். ஆனால் அந்த மூன்று மாற்றமும் ஆசைக்குச் செய்தவையல்ல, கதையின் விதி கேட்டுச் செய்தவை.

ஃபிராங்க் ஹேர்பேர்ட்டின் 'டியூன்' (1965) இரண்டாம் தரம் வாசிக்கிறேன். பாலைவனத் தலைவன் ஒருவன் பிரபுவின் முன்னால் மேசையில் துப்புகிறான். சுற்றி நிற்பவர்கள் பாயப் பார்க்கிறார்கள். பிறகுதான் விளங்குகிறது: தண்ணீரே இல்லாத கிரகத்தில் தன் உடம்பின் ஈரத்தைக் கொடுப்பது பெரிய மரியாதை. அந்த ஒரு துப்பலில் கிரகமே தெரிந்துவிட்டது. பின்னிணைப்புகளை நான் அரைவாசியில் விட்டுவிட்டேன், குறை ஒன்றும் தெரியவில்லை.

இதற்கு மாறாக, அண்மையில் வந்த தடித்த மாயப்புனைவு ஒன்று. பெயர் வேண்டாம். முன்பக்கத்தில் மூன்று வரைபடம், அரண்மனையில் அத்தியாயத்துக்கு ஒரு விருந்து. அறுநூறு பக்கத்திலும் ஒரு வயல் கண்ணில் படவில்லை. கம்பன் ஆற்றுப்படலம், நாட்டுப்படலம், நகரப்படலம் என்று தண்ணீரிலிருந்து தொடங்கித்தான் தசரதனிடம் வருகிறான். ஊருக்குச் சோறு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியே அங்கே எழாது.

இனிச் சொல். 'உலகியற்றல்' என்று முன்மொழிகிறேன். இயற்றுவது என்றால் செய்வது. நூலையும் இயற்றுகிறோம், சட்டத்தையும் இயற்றுகிறோம். மூன்றும் இங்கே தேவை. உர்சுலா லெ குவினின் மாயப்புனைவு நாவல் 'எ விசார்ட் ஒஃப் எர்த்சீ'யில் ஒரு பொருளின் மெய்ப்பெயர் தெரிந்தால்தான் மந்திரம் அதைக் கட்டும். அது அந்த உலகத்தின் சட்டம். அதைக் 'கட்டினார்' என்பதைவிட 'இயற்றினார்' என்பதே பொருந்துகிறது.

சொல்லும் புதிதல்ல. 'இரந்தும் உயிர்வாழ்தல் வேண்டின் பரந்து கெடுக உலகியற்றி யான்' என்பது 1062ஆம் குறள். பிச்சையெடுத்துத்தான் பிழைக்கவேண்டும் என்று ஓர் உலகத்தைச் செய்தால், செய்தவனும் அலைந்து கெடட்டும் என்கிறார். மூன்று வரைபடக்காரருக்கு இதை அனுப்பிவைக்க ஆசை.

மட்டக்களப்பு நண்பர் சொன்ன 'கருப்பொருள் அமைப்பு' எனக்கும் பிடிக்கும். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களாகத் தொல்காப்பியம் தருவது இந்த வேலைக்கே எழுதிய பட்டியல் போலிருக்கிறது. ஆனால் இன்றைக்குக் கருப்பொருள் என்றால் எல்லாரும் கதையின் மையக் கருத்து என்றுதான் எடுப்பார்கள்.

வெள்ளவத்தையிலிருந்து

————

> 'உலகியற்றல்' என்று முன்மொழிகிறேன்.

அண்ணா, குறள் நல்லாத்தான் இருக்கு. ஆனால் சொல்லைப் பார்த்ததும் நான் 'உலகியல்' என்றுதான் வாசித்தேன். ஏதோ லௌகீக விசயம் என்று நினைத்துவிட்டேன். 'உலகாக்கம்' என்று சுருக்கமாக வைத்தால் என்ன?

கொட்டாஞ்சேனையிலிருந்து

————

தங்கச்சி, உலகியல் குழப்பம் நியாயம்தான், எனக்கு அது தட்டவில்லை. 'உலகாக்கம்' உலகமயமாக்கலுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது, அதுதான் தயக்கம். ஒன்று செய்வோம். கட்டுரையில் முதல்தரம் வரும்போது 'புனையுலகு இயற்றல்' என்று பிரித்து எழுதுவோம், அதன்பிறகு 'உலகியற்றல்'. எழுதுபவரை 'உலகியற்றுநர்' என்னலாம். நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் 'டியூன்' மதிப்புரையில் போட்டுப் பாருங்கள். மூன்று இடத்தில் இடறினால் விட்டுவிடுவோம்.