முதலாம் சார்லஸின் ஆட்சியை முதுகலை மாணவர்களுக்கு எவ்வாறு நடத்துவது?

கேள்வி (கல்லூரி ஆசிரியை, மதுரை):
இங்கிலாந்தின் முதலாம் சார்லஸ் 1649 ஜனவரி 30 அன்று தலை வெட்டப்பட்டு இறந்தார் என்பதை முன்பே அறிந்திருப்பதால், 1625 முதல் அவர் செய்த ஒவ்வொன்றையும் அந்த மேடைக்கான படியாகவே என் மாணவர்கள் எழுதுகிறார்கள். இதை எப்படி மாற்றலாம்?

மறுமொழி (ஓய்வு பெற்ற பேராசிரியர், மேலூர்):
அம்மா, ஒரே ஒரு வழக்கை எடுத்துக்கொண்டு ஆழமாகச் செல்லுங்கள். கடற்படைச் செலவுக்காகக் கடலோர ஊர்களிடம் பெறப்பட்டு வந்த கப்பல் வரியை, நாடாளுமன்றத்தைக் கூட்டாமல் ஆண்டுகொண்டிருந்த சார்லஸ் 1635இல் உள்நாட்டுப் பகுதிகளுக்கும் விரித்தார். ஜான் ஹாம்டன் என்ற நிலக்கிழார் செலுத்த மறுத்தார்; வழக்கு நீதிமன்றத்துக்குச் சென்றது. 1638இல் 12 நீதிபதிகளில் 7 பேர் அரசர் பக்கமும் 5 பேர் ஹாம்டன் பக்கமும் நின்றார்கள். அதாவது, சட்டப்படி வென்றவர் அரசர்தான். வகுப்பில் 12 பேரை நீதிபதிகளாக அமர்த்தித் தீர்ப்பெழுதச் சொன்னால், ‘கொடுங்கோலன்’ என்ற சொல் விடைத்தாள்களில் தானாகவே குறையும். (என் வகுப்பில் அரசர் தோற்றுவிட்டார், அது வேறு கதை.)

மறுமொழி (பள்ளி ஆசிரியர், திருமங்கலம்):
திருமலை நாயக்கரும் (1623–1659) அதே காலத்தவர். மகாலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த ஒப்பீடு எளிதில் பிடிபடும்.

கேள்வி கேட்டவர்:
ஐயா, வழக்கு முறையை இந்த வாரமே தொடங்குகிறேன். நாயக்கர் ஒப்பீட்டில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. வரிக்கு ஒப்புதல் கேட்க வேண்டிய நாடாளுமன்றம் இங்கே இருக்கவில்லை, அங்கே தகராறின் வேரே அதுதான். 1637இல் ஸ்காட்லாந்தின்மீது சார்லஸ் திணித்த வழிபாட்டு நூலை அடுத்த வழக்காக வைக்கலாமா?

மறுமொழி (மேலூர்):
கட்டாயம் வையுங்கள். அதனால் மூண்ட போருக்குப் பணம் தேடித்தான் 1640இல் அவர் நாடாளுமன்றத்தைக் கூட்டினார்.