கிராஸ் ஸ்டிட்ச்: சிவப்பு நூல் சாயம் விட்டுவிட்டது, வழி சொல்லுங்கள்

வணக்கம். கிருஷ்ணகிரியிலிருந்து எழுதுகிறேன். க்ரீம் நிற ஐடா துணியில் (கட்டம் கட்டமாக ஓட்டை விட்டு நெய்தது) கிராஸ் ஸ்டிட்ச், அதாவது பெருக்கல் குறி போன்ற தையல், போட்டேன். 14 கவுண்ட், அதாவது அங்குலத்துக்கு 14 கட்டம். டிசைன் அகலம் 140 கட்டம், உயரம் 112. அதாவது 10க்கு 8 அங்குலம். இரண்டு பிரி நூலில் போட்டது. வேலை முடிந்து, ஹூப் (துணியை இழுத்துப் பிடிக்கும் வளையம்) தடம் போக நேற்றுக் காலை தண்ணீரில் போட்டதும் அடர்சிவப்பு நூல் சாயம் விட்டது. லேபிள் இல்லாமல் உதிரியாக விற்ற கண்டு அது. ரோஜாவைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு இளஞ்சிவப்புத் திட்டு. மற்ற நிறங்கள் அப்படியே இருக்கின்றன.

செய்து பார்த்தவை: எங்கள் போர் தண்ணீர் உப்பு என்பதால் கேன் தண்ணீரில், பாத்திரம் கழுவும் லிக்விட் சில சொட்டு விட்டு ஊறவைத்து, தண்ணீர் நிறமில்லாமல் வரும்வரை மாற்றினேன். ஓரம் வெளுத்தது, தையலை ஒட்டிய கட்டங்களின் ஓட்டைக்குள் மட்டும் நிறம் அப்படியே நிற்கிறது. ப்ளீச் போடவில்லை, பச்சையும் நீலமும் சேர்ந்து மங்கிவிடும். சூடு பட்டால் கறை நிலைத்துவிடும் என்பதால் இஸ்திரியும் போடவில்லை, வெயிலிலும் காயவைக்கவில்லை. ஈரத் துண்டில் சுற்றி பிரிட்ஜில் வைத்திருக்கிறேன். சாயம் உறிஞ்சும் ஷீட் இங்கே கடைகளில் கிடைக்கவில்லை. தேவையென்றால் ஓசூர் போய் வாங்கிவர முடியும்.

சிவப்புத் தையலைப் பிரிக்காமல், மற்ற நிறங்கள் மங்காமல், மிச்சமிருக்கும் திட்டை எடுக்க எதைப் போட்டு எவ்வளவு நேரம் ஊறவைக்க வேண்டும்?