நாய்க்கடி சீரம் போட்ட 9-ஆம் நாள் தடிப்பு, மூட்டு வலி: 28-ஆம் நாள் ஊசியை நிறுத்தலாமா?

பிஹெச்சி_செவிலியர்:
கெண்டைக்காலில் நாய்க்கடி, மூன்றாம் வகைக் காயம் (தோலைத் துளைத்த கடி). வயது 45, எடை 60 கிலோ. முதல் நாளே குதிரை சீரத்தை (குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த ரேபிஸ் எதிர்ப்பொருள்) காயத்தைச் சுற்றிப் போட்டு, தோலுக்குள் போடும் ஏஆர்வியும் (ரேபிஸ் தடுப்பூசி) தொடங்கியாச்சு. 0, 3, 7-ஆம் நாள் டோஸ்கள் முடிந்தது. இன்று 9-ஆம் நாள்: உடம்பெல்லாம் அரிப்போடு தடிப்பு, லேசான காய்ச்சல், முழங்காலிலும் மணிக்கட்டிலும் வலி, தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கு. தடுப்பூசி ஒத்துக்கல, இனிமேல் வேண்டாம் என்கிறார்கள் வீட்டில். சீரம் போடுமுன் தோலில் போட்ட சோதனை ஊசியில் ஒன்றும் வரவில்லை. என்ன செய்யலாம்?

பொதுமருத்துவம்_எம்டி:
சிஸ்டர், ஊசியை நிறுத்தவே கூடாது. இது பெரும்பாலும் சீரத்தின் வேலை, தடுப்பூசியுடையது அல்ல. குதிரைப் புரதத்துக்கு எதிராக உடம்பு எதிர்ப்பொருள் உருவாக்க 7 முதல் 14 நாள் ஆகும். உருவானதும் இரண்டும் பிணைந்து தோலிலும் மூட்டிலும் உள்ள ரத்தக்குழாய்ச் சுவர்களில் படியும். அதனால்தான் இந்தத் தாமதம். டிப்தீரியாவுக்குக் குதிரை சீரம் போட்ட குழந்தைகளிடம் இதே அறிகுறிகளைப் பார்த்துத்தான் மருத்துவர்கள் பிர்க்கேயும் ஷிக்கும் 1905-இல் வியன்னாவில் விரிவாக எழுதினார்கள். சோதனை ஊசி இதை முன்கூட்டிச் சொல்லாது. உலக சுகாதார நிறுவனமும் அந்தச் சோதனையைப் பரிந்துரைப்பதில்லை.

முதலில் நெறியைப் பாருங்கள். கடித்த காலின் பக்கம் மட்டும் வீங்கி, தொட்டால் வலித்து, காயத்தில் சீழும் இருந்தால் அது காயத் தொற்று. கழுத்து, அக்குள், இரண்டு தொடை இடுக்கு எல்லாவற்றிலும் இருந்தால் சீரம்தான். சிறுநீரில் புரதமும் ரத்தமும் பாருங்கள்.

அரிப்புக்கு செட்ரிசின் 10 மிகி இரவில், வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் போதும். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானே அடங்கும். பலரும் அவில் (ஒவ்வாமை மருந்து), டெக்ஸா (ஸ்டீராய்டு) போட்டு அனுப்பிவிடுகிறார்கள். ரேபிஸ் தடுப்பூசி நடக்கும்போது ஸ்டீராய்டை அவ்வளவு எளிதாகக் கொடுக்கக் கூடாது, எதிர்ப்பாற்றல் குறையலாம். நடக்கவே முடியாத மூட்டு வலி, சிறுநீரகப் பாதிப்பு என்றால் மட்டும், பெரிய மருத்துவமனையில் குறுகிய காலத்துக்கு ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. கொடுத்தால் தடுப்பூசி அட்டையில் எழுதணும். கடைசி டோஸுக்கு 2 முதல் 4 வாரம் கழித்து ரேபிஸ் எதிர்ப்பொருள் அளவு பார்ப்பது நல்லது, மில்லிக்கு குறைந்தது 0.5 ஐயூ (சர்வதேச அலகு) இருக்கணும்.

அவசரப்பிரிவு:
சீரம் போட்ட முதல் ஒரு மணி நேரத்தில் வரும் ஒவ்வாமை வேறு விஷயம், அதையும் சேர்த்து எழுதுகிறேன். ஈஆர்ஐஜி (இந்தக் குதிரை சீரம்) கிலோவுக்கு 40 ஐயூ. மில்லிக்கு 300 ஐயூ குப்பி என்றால் இவருக்கு 2400 ஐயூ, அதாவது 8 மில்லி. குதிரைப் புரதம் அவ்வளவு உள்ளே போகிறது. போட்டபின் ஒரு மணி நேரமாவது உட்கார வைத்துப் பாருங்கள்.

ஊசி பயத்தில் மயங்கினால் நாடி மெதுவாகும், தோல் வெளிறி வியர்க்கும், படுக்க வைத்தால் தெளிவார். அனாஃபிலாக்சிஸில் (உயிருக்கே ஆபத்தான உடனடி ஒவ்வாமை) நாடி வேகமெடுக்கும், தடிப்பு, இளைப்பு, குரல் கம்மல், வாந்தி, பிரஷர் இறக்கம் வரும். சந்தேகம் வந்தாலே அட்ரினலின் 1:1000, பெரியவருக்கு 0.5 மில்லி, குழந்தைக்குக் கிலோவுக்கு 0.01 மில்லி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். தோலுக்கடியில் போட்டால் மெதுவாகத்தான் ஏறும். 5 நிமிடத்தில் தேறாவிட்டால் மறுபடி. அவிலும் ஹைட்ரோகார்ட்டிசோன் ஸ்டீராய்டும் அதன் பிறகுதான். முதலில் அவற்றை ஏற்றிவிட்டுக் காத்திருப்பதுதான் உயிரை வாங்குகிறது. படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், ஆக்சிஜன், சலைன். திடீரென எழுப்பி உட்கார வைக்காதீர்கள்.

பிஹெச்சி_செவிலியர்:
நன்றி டாக்டர். நெறி இரண்டு பக்கமும் இருக்கு, காயம் சுத்தமா இருக்கு. இவருக்குப் பின்னால் மறுபடி நாய் கடித்தால்?

மருந்தாளுநர்:
தடுப்பூசியை முழுதாக முடித்தவருக்குப் பிறகு சீரமே தேவையில்லை. காயத்தைக் கழுவி 0, 3 என இரண்டு டோஸ் போதும். 28-ஆம் நாள் ஊசியை விடக் கூடாது என்பதற்கு வீட்டில் சொல்ல இதைவிட நல்ல காரணம் இல்லை. அட்டையில் 'குதிரை சீரம் ஒவ்வாமை' என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள், மருந்துப் பக்கவிளைவு உதவி எண் 1800-180-3024-இல் பக்கவிளைவாகப் பதிவும் செய்யுங்கள். பாம்புக்கடி விஷமுறிவு மருந்தான ஏஎஸ்வியும் குதிரையிலிருந்துதான். பாம்பு கடித்து அறிகுறி இருந்தால் இவருக்கும் ஏஎஸ்வி கொடுத்தே ஆகணும், அட்ரினலினை ஊசியில் ஏற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அடுத்த முறை குதிரைப் புரதம் ஏறினால் தடிப்பு இரண்டொரு நாளிலேயே வந்துவிடலாம்.