கேபியைக் குறைத்தால் 1200-ஐத் தொடவில்லை, கூட்டினால் ஆட்டம் நிற்கவில்லை: மோட்டார் வேகக் கட்டுப்பாட்டில் உதவி தேவை

சுழலி:

வணக்கம். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடம் இந்த செமஸ்டரில்தான் தொடங்கியிருக்கிறது. படித்ததைக் கையால் செய்து பார்க்கலாம் என்று ஒரு சின்ன டிசி மோட்டாரை அர்டுயினோ என்ற சின்னக் கன்ட்ரோலர் போர்டோடு இணைத்திருக்கிறேன். தண்டில் 20 துளைகள் உள்ள வட்டத் தகடு. ஒளி சென்சார் துளைகளை எண்ணுகிறது. 100 மில்லி விநாடிக்கு ஒருமுறை எண்ணிக்கையை எடுத்து வேகம் கணக்கிட்டு, பிழையை (இலக்குக்கும் அந்த வேகத்துக்கும் உள்ள வித்தியாசம்) கேபி என்ற கெயினால் பெருக்கி, வருவதை அப்படியே பிடபிள்யூஎம்மாக (மோட்டாருக்குப் போகும் சக்தியைத் தீர்மானிக்கும் 0 முதல் 255 வரையான எண்) கொடுக்கிறேன். வெறும் பி (பிழைக்கு நேர்விகிதமான) கட்டுப்பாடுதான், வேறு ஒன்றும் இல்லை.

பீட்பேக் இல்லாமல், அதாவது அளந்த வேகத்தைப் பார்க்காமல் ஓட்டினால் பிடபிள்யூஎம் 100-க்கு 1000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 1000 சுற்று), 150-க்கு 1500. டைம் கான்ஸ்டன்ட் (வேகம் இறுதி மதிப்பில் சுமார் 63 சதவீதத்தை எட்டும் நேரம்) அளந்து பார்த்தேன், 0.3 விநாடி.

இலக்கு 1200 ஆர்பிஎம். கிடைத்தது இதுதான்:

கேபி 0.2: திரையில் 780, 810, 810 என்று மாறி மாறி வருகிறது. சராசரி 800.
கேபி 0.4: 960.
கேபி 0.6: கொஞ்ச நேரம் ஆடிவிட்டு 1030 பக்கம் வருகிறது.
கேபி 0.8: ஆட்டம் நிற்கவே இல்லை. உறுமுகிறது, அடங்குகிறது, மறுபடி உறுமுகிறது. விநாடிக்கு ஏறக்குறைய 3 முறை.

ஏன் 1200 வரவே மாட்டேன் என்கிறது? அப்புறம், முதல் வரிசை அமைப்புக்கு (இந்த மோட்டார் மாதிரி ஒரே ஒரு டைம் கான்ஸ்டன்ட் உள்ளது) பி கட்டுப்பாடு போட்டால் எவ்வளவு கெயின் கொடுத்தாலும் நிலையாகவே இருக்கும் என்று புத்தகத்தில் நிரூபணமே இருக்கிறது. என்னுடையது ஏன் ஆடுகிறது? வயரிங்கை இரண்டு முறை சரிபார்த்தேன். மோட்டாரையும் மாற்றிப் பார்த்துவிட்டேன்.

மின்மினி:

மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் போர்டு போயிருக்கும். மாற்றிப் பாருங்கள்.

திருகாணி:

டிரைவர் நன்றாகத்தான் இருக்கிறது. புரோகிராமிலும் தப்பில்லை. சுழலி கொடுத்த எண்களே அதற்குச் சாட்சி.

கேபி 0.2-இல் மோட்டார் 800-இல் ஓடும்போது பிழை 400. அதை 0.2-ஆல் பெருக்கினால் 80. பிடபிள்யூஎம் 80 கொடுத்தால் உங்கள் மோட்டார் எவ்வளவு ஓடும்? 800. கணக்கு தன்னைத்தானே பிடித்துக்கொண்டு நிற்கிறது. இப்போது ஒரு பேச்சுக்கு மோட்டார் 1200-ஐத் தொட்டுவிட்டது என்று வையுங்கள். பிழை 0, பிடபிள்யூஎம் 0, அடுத்த நொடி மோட்டார் இறங்கத் தொடங்கிவிடும். 1200-இல் ஓட 120 வேண்டும், அந்த 120-ஐப் பிழையிலிருந்து மட்டுமே எடுக்க முடியும் என்றால் பிழை இருந்தே ஆக வேண்டும்.

மோட்டாரின் கெயின் 10 (பிடபிள்யூஎம் 1 கூடினால் 10 ஆர்பிஎம்), கேபி 0.2, இரண்டையும் பெருக்கினால் லூப் கெயின் (பீட்பேக் வட்டம் முழுவதன் கெயின்) 2. கிடைக்கும் வேகம் இலக்கில் மூன்றில் இரண்டு பங்கு. லூப் கெயின் 4 என்றால் ஐந்தில் நான்கு, அதாவது 960. 6 என்றால் ஏழில் ஆறு, 1029. உங்கள் பட்டியலை நான் மோட்டாரைப் பார்க்காமலேயே எழுதியிருப்பேன்.

இதில் புதிதாக ஒன்றும் இல்லை. 1788-இல் ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினில் பொருத்திய குண்டு கவர்னருக்கும் (சுழலும் குண்டுகளை வைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) இதே குணம்தான். சுமை ஏறினால் வேகம் கொஞ்சம் இறங்கி அங்கேயே நிற்கும்.

சுழலி:

அந்த "பிழை 0, பிடபிள்யூஎம் 0" வரியில் புரிந்துவிட்டது. சமன்பாட்டைப் போட்டு விடை எழுதியிருக்கிறேன், ஆனால் இப்படி யோசித்ததே இல்லை. ஆட்டம் ஏன் சார்?

பழைய_மீட்டர்:

புத்தகமும் சரி, உங்கள் மோட்டாரும் சரி. நிரூபணத்தில் இருக்கும் லூப் வேறு, உங்கள் மேசையில் இருக்கும் லூப் வேறு.

ஒரு முழு ஆட்டத்தை 360 டிகிரி என்று வைத்தால், முதல் வரிசை அமைப்பு சிக்னலை அதிகபட்சம் 90 டிகிரிதான் பின்தள்ளும். பீட்பேக் தலைகீழாகி தானே ஆடத் தொடங்க 180 வேண்டும். அதனால்தான் "எவ்வளவு கெயின் கொடுத்தாலும்" என்று துணிந்து எழுதுகிறார்கள். ஆனால் உங்கள் லூப்பில் எண்ணும் வேலையும் இருக்கிறது. 100 மில்லி விநாடி முழுக்க எண்ணி வகுக்கும்போது கிடைப்பது இப்போதைய வேகம் அல்ல, அந்த இடைவெளியின் சராசரி. சராசரியில் அது 50 மில்லி விநாடி பழசு. அதை வைத்துப் போட்ட பிடபிள்யூஎம் அடுத்த 100 மில்லி விநாடிக்கு மாறாமல் நிற்கிறது. அதில் இன்னொரு 50. ஆக மொத்தம் 100. நேற்றைய பேப்பரில் மழை என்று போட்டிருப்பதைப் பார்த்து இன்று குடை எடுக்கிற கதைதான். மோட்டார் மேலே ஏறிய பிறகும் கன்ட்ரோலர் இன்னும் தள்ளுகிறது, இறங்கிய பிறகும் இன்னும் பிரேக் போடுகிறது. தாமதம் தரும் பின்தள்ளலுக்கு 90 என்ற எல்லை கிடையாது. அதிர்வெண் ஏற ஏற அது கூடிக்கொண்டே போகும்.

தாமதத்தால் வரும் ஆட்டத்தை அடையாளம் காண ஒரு குறுக்குவழி உண்டு: இந்த மாதிரி லூப்பில் ஒரு முழு ஆட்டத்துக்கு ஆகும் நேரம், தாமதத்தைப் போல 2 முதல் 4 மடங்குக்குள் இருக்கும். உங்களுக்கு 200 முதல் 400 மில்லி விநாடி. விநாடிக்கு 3 முறை என்றால் சுமார் 330. பொருந்துகிறதா?

எண்ணும் இடைவெளியை 50 ஆக்கிவிட்டு, கேபி 0.8-ஐ மாற்றாமல் ஓட்டுங்கள். என்ன ஆகிறது என்று எழுதுங்கள்.

சுழலி:

மாற்றினேன். 0.8-இல் ஆடி அடங்கிவிடுகிறது! ஆனால் திரையில் 1020, 1080 என்று தாவுகிறது. சுமார் 1067-தான் வரும் என்று லூப் கெயினை வைத்து இந்த முறை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன்.

பழைய_மீட்டர்:

அந்தத் தாவல்தான் நீங்கள் கொடுத்த விலை. 20 துளை, 100 மில்லி விநாடி என்றால் ஒரு துடிப்புக்கு (ஒரு துளை சென்சாரைக் கடப்பதற்கு) 30 ஆர்பிஎம். முதலில் 780, 810 என்று வந்ததும் இதனால்தான். 50 மில்லி விநாடியில் அது 60. ஆசைப்பட்டு 10-க்குப் போனால் ஒரு துடிப்புக்கு 300 ஆர்பிஎம், அதற்குப் பேசாமல் காதால் கேட்டே ஓட்டலாம்.

துடிப்பை எண்ணுவதை விட்டுவிட்டு, இரண்டு துடிப்புகளுக்கு இடையே உள்ள நேரத்தை அளவிடுங்கள். 1200-இல் அது 2.5 மில்லி விநாடி. 16 மெகாஹெர்ட்ஸ் போர்டில் மைக்ரோஸ் என்ற அர்டுயினோ கட்டளை நேரத்தை 4 மைக்ரோ விநாடி நுணுக்கத்தில் சொல்லும், அதாவது 2 ஆர்பிஎம் அளவுக்குத் தெரியும். துளைகள் ஒரே சீராக இருக்காது, அதனால் நாலைந்து துடிப்புகளைச் சேர்த்துச் சராசரி எடுங்கள்.

சுழலி:

அதற்கு முன்னால் இன்டெக்ரலை (பிழையைத் தொடர்ந்து கூட்டிவரும் பகுதி) சேர்த்துப் பார்த்தேன், ஆவல் தாங்கவில்லை. கேபி 0.2, இன்டெக்ரலின் கெயின் கேஐ 0.5. பிழையை எண்ணும் இடைவெளியான 0.05 விநாடியால் பெருக்கித்தான் கூட்டுகிறேன். சரியாக 1200! ஆனால் ஒரு வேடிக்கை நடந்தது. மோட்டாரின் பேட்டரி சுவிட்சை அணைத்துவிட்டு, யூஎஸ்பியில் அர்டுயினோவை மட்டும் ஓட விட்டுப் பத்து விநாடி வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தேன். சுவிட்சைப் போட்டதும் மோட்டார் முழு வேகத்தில் அலறியது. 2500-க்கு மேல். ஏழெட்டு விநாடி குறையவே இல்லை. ஏதோ எரியப்போகிறது என்று கையை எடுத்துவிட்டேன்.

திருகாணி:

வைண்ட்-அப், அதாவது இன்டெக்ரல் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டது. எல்லோரும் ஒருமுறை பயந்திருப்போம்.

மோட்டார் நின்றிருந்த பத்து விநாடியும் பிழை 1200. அதைக் கூட்டி 0.5-ஆல் பெருக்கினால் 6000. உங்கள் பிடபிள்யூஎம்மின் உச்சமோ 255. சுவிட்ச் போட்டதும் மோட்டார் 2550-க்கு ஓடுகிறது, பிழை மைனஸ் 1350. அந்த 6000 விநாடிக்கு 675 வீதம் கரைய வேண்டும். 255-க்குள் வர எட்டு விநாடி ஆகும். உங்கள் ஏழெட்டு விநாடி அங்கேதான் போனது.

வெளியீடு 255-ஐத் தொட்டிருக்கிறது, பிழையும் இன்னும் அதே திசையில் தள்ளுகிறது என்றால் அந்தச் சுற்றில் இன்டெக்ரலைக் கூட்டாதீர்கள். கீழே 0 பக்கமும் அதே விதி. புரோகிராமில் ஒரே ஒரு இஃப் (if) நிபந்தனை போதும்.

சுழலி:

போட்டேன். சுவிட்சை அணைத்துப் பத்து விநாடி கழித்துப் போட்டாலும் ஒரு விநாடியில் 1200-க்கு வந்து நிற்கிறது, அலறல் இல்லை. டியையும் (பிழை மாறும் வேகத்தைப் பார்க்கும் பகுதி) சேர்த்தால் இன்னும் வேகமாக வருமா?

பழைய_மீட்டர்:

இந்த அளவீட்டை வைத்துக்கொண்டு வேண்டாம். ஒரு துடிப்பு கூடக் குறைய விழுந்தாலே 60 ஆர்பிஎம் தாவல். டி அதை 0.05-ஆல் வகுக்கும், விநாடிக்கு 1200 ஆர்பிஎம் வேகத்தில் மோட்டார் எகிறுகிறது என்று நம்பும். மோட்டார் உண்மையில் அசையவே அசைந்திருக்காது.

சுழலி:

சரி சார், முதலில் மைக்ரோஸ்.