எலி சீரத்தில் டாக்ஸ் புரதம்: எலைசா கிட் காட்டும் எண்ணை நம்பலாமா?

தைமஸ்தேடி:
வணக்கம், பிஎச்டி இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். வயதாக ஆகத் தைமஸ் (டி செல் என்ற நோய் எதிர்ப்பு செல்கள் முதிரும் உறுப்பு) சுருங்கும்போது டி செல் வளர்ச்சி எந்தக் கட்டத்தில் தடுமாறுகிறது என்பதுதான் என் வேலை. 2 மாதச் சுண்டெலிகளையும் 18 மாதச் சுண்டெலிகளையும் ஒப்பிடுகிறேன். டி செல் வளர்ச்சிக்குத் தேவையான டாக்ஸ் (TOX) புரதத்தை அளக்க 96 குழி சாண்ட்விச் எலைசா (இரண்டு ஆன்டிபாடிகளுக்கு இடையே புரதத்தைப் பிடித்து, வரும் நிறத்தை வைத்து அளக்கும் முறை) கிட் ஒன்று வாங்கினோம். சீரம் (ரத்தம் உறைந்தபின் மிஞ்சும் திரவம்), பிளாஸ்மா (உறையாத ரத்தத்தின் திரவம்), திசு லைசேட் (செல்களை உடைத்து எடுத்த சாறு) எல்லாவற்றுக்கும் ஏற்றது என்று டேட்டாஷீட்டில் இருக்கிறது. சீரத்தில் நல்ல நிறம் வருகிறது, ஆனால் பாதியாக நீர்த்தாலும் கால்வாசியாக நீர்த்தாலும் ஓடி (நிறத்தின் அடர்த்தி அளவு) பெரிதாகக் குறையவில்லை. தைமஸ் லைசேட்டிலோ சீரத்தைவிடக் குறைவாக வருகிறது. ஸ்டாண்டர்ட் (அளவு தெரிந்த சுத்தப் புரதம்) வளைவு அழகாக இருக்கிறது. பாதி பிளேட் மிச்சம். அடுத்து என்ன செய்யலாம்?

பிளேட்வாஷர்:
தம்பி, கிட்டை விட்டுவிட்டு முதலில் புரதத்தைப் பாருங்கள். டாக்ஸ் உட்கருவுக்குள் டிஎன்ஏவைப் பிடித்துக்கொண்டு இருக்கும் புரதம். 2002இல் அமெரிக்காவின் ஸ்க்ரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் ஜொனாதன் கேயின் குழு இதை விவரித்தபோதே தைமோசைட் (தைமஸில் வளரும் டி செல்) தேர்வோடு சேர்த்துத்தான் பெயர் வைத்தார்கள். செல்லை விட்டு வெளியே சுரக்கிற சைட்டோகைன் (செல்களுக்கிடையே செய்தி சொல்லும் புரதம்) இல்லை இது. அப்படியிருக்க, தைமஸைவிடச் சீரத்தில் அதிகம் என்று ஒரு கிட் சொன்னால் அது வேறு எதையோ அளக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். நீர்த்தும் ஓடி குறையாததும் அதையே சொல்கிறது, உண்மையான சிக்னல் என்றால் பாதியாக நீர்த்தால் கணக்கிட்ட அளவும் கிட்டத்தட்ட பாதியாக வேண்டும். கிட்டின் டிடெக்‌ஷன் ஆன்டிபாடி எலியில் செய்ததா, அதன் மேல் ஆன்டி-மவுஸ் ஹெச்ஆர்பி (எலி ஆன்டிபாடியைப் பிடிக்கும், நிறம் தரும் நொதி சேர்த்த ஆன்டிபாடி) போடுகிறீர்களா என்று பாருங்கள். அப்படியென்றால் சீரத்தில் இருக்கும் எலி ஐஜிஜி (ரத்தத்தில் இயல்பாக உள்ள ஆன்டிபாடி) குழியில் ஒட்டிக்கொண்டாலே நிறம் வந்துவிடும்.

ஸ்டாண்டர்ட் வளைவு அழகாக இருப்பதை வைத்து மனதைத் தேற்றிக்கொள்ளாதீர்கள். சுத்தமான புரதத்தைச் சுத்தமான பஃபரில் போட்டால் எந்தக் கிட்டும் அழகாகத்தான் வளையும்.

நியூக்ளியர்எக்ஸ்ட்ராக்ட்:
மேலே சொன்னதெல்லாம் சரி. லைசேட்டில் ஏன் குறைவு என்பதற்கு என் பதில்: எதை வைத்து உடைத்தீர்கள்? உறையவைத்து உருக்குவது, மென்மையான டிடர்ஜென்ட் எல்லாம் சைட்டோபிளாசத்தைத்தான் திறக்கும், குரோமாட்டினோடு (டிஎன்ஏவும் புரதமும் சேர்ந்த கட்டு) ஒட்டிய புரதம் சென்ட்ரிஃப்யூஜ் செய்ததும் பெல்லட்டில் போய் உட்கார்ந்துவிடும், நீங்கள் மேலே இருக்கும் தெளிவை எடுத்து அளந்துகொண்டிருப்பீர்கள். உட்கருவைத் தனியே பிரித்து 400 மில்லிமோலார் அளவு உப்பு உள்ள பஃபரில் எடுங்கள், இல்லையென்றால் நியூக்ளியேஸ் (டிஎன்ஏவை வெட்டும் நொதி) போட்டு சோனிகேட் செய்யுங்கள் (ஒலி அலையால் உடைப்பது). அப்புறம் அப்படியே குழியில் ஊற்றாதீர்கள், அந்த உப்பும் டிடர்ஜென்ட்டும் ஆன்டிபாடி பிணைப்பைக் கெடுக்கும். நன்றாக நீர்த்து, ஸ்டாண்டர்டையும் அதே பஃபர் கலவையில் போடுங்கள். பஃபரில் சோடியம் அசைடு இருந்தால் ஹெச்ஆர்பி படுத்துவிடும், இதில் நானே ஒரு வாரம் இழந்திருக்கிறேன்.

மிச்சக் குழிகளை ஸ்பைக் சோதனைக்கு வையுங்கள். தெரிந்த அளவு ஸ்டாண்டர்டை உங்கள் மாதிரியில் கலந்து அளந்தால் 80 முதல் 120 சதவீதம் திரும்பக் கிடைக்க வேண்டும். இன்னொன்று, டாக்ஸ்2, டாக்ஸ்3, டாக்ஸ்4 என்று உறவுக்காரப் புரதங்கள் இருக்கின்றன, டிஎன்ஏவைப் பிடிக்கும் ஹெச்எம்ஜி பெட்டிப் பகுதி நான்கிலும் மிகவும் ஒத்தது. கிட்டின் ஆன்டிபாடி எந்தப் பகுதிக்கு எதிராகச் செய்தது என்று கம்பெனியிடம் எழுதிக் கேளுங்கள். சொல்ல மறுத்தால் அந்தக் கிட்டில் இனி பணம் போடாதீர்கள். டாக்ஸ் ஜீனை நீக்கிய நாக்அவுட் எலியின் தைமஸ் கொஞ்சம் யாரிடமாவது கிடைத்தால் அதைவிட நல்ல கட்டுப்பாடு கிடையாது.

கேட்_போடுகிறவள்:
கிட் சரியாகவே வேலை செய்தாலும் உங்கள் கேள்விக்கு அது பதில் சொல்லாது என்று நினைக்கிறேன். டாக்ஸ் எல்லாத் தைமோசைட்டிலும் ஒரே அளவில் இருப்பதில்லை, சிடி4, சிடி8 (டி செல் மேற்பரப்பின் அடையாளப் புரதங்கள்) இரண்டும் உள்ள செல்கள் பாசிட்டிவ் செலக்‌ஷனுக்குள் (சரியான ரிசெப்டர் உள்ள செல்களைத் தக்கவைக்கும் கட்டம்) போகும்போது ஏறுகிறது. 18 மாதத் தைமஸில் செல்கள் குறைந்து கொழுப்பும் ஸ்ட்ரோமாவும் (தாங்கு திசு) கூடியிருக்கும். மொத்தத்தையும் அரைத்து ஒரு மில்லிகிராமுக்கு இவ்வளவு என்று எழுதினால், ஒவ்வொரு செல்லிலும் டாக்ஸ் குறைந்ததா அல்லது டாக்ஸ் உள்ள செல்களே குறைந்ததா என்று பிரிக்கவே முடியாது. ஃப்ளோ சைட்டோமெட்ரிக்குப் போங்கள், ஒவ்வொரு செல்லாக அளக்கும் முறை அது. செல்லின் வெளியே சிடி4, சிடி8, டிசிஆர் பீட்டா, சிடி69 ஆகியவற்றைக் குறியிடுங்கள், பிறகு ஃபாக்ஸ்பி3க்குப் (உட்கருவில் இருக்கும் இன்னொரு புரதம்) பயன்படுத்துகிற ஃபிக்ஸ்-பெர்ம் பஃபர் (செல்லை நிலைநிறுத்தித் துளையிடும் கரைசல்), அதற்குள் டாக்ஸ். மண்ணீரலின் நைவ் (இன்னும் எதிரியைச் சந்திக்காத) டி செல்லை டாக்ஸ் குறைந்த கட்டுப்பாடாக வைத்துக்கொள்ளலாம். எலியைப் பதற்றப்படுத்தாமல் கையாளுங்கள், கார்டிகோஸ்டீராய்டு (பதற்றத்தில் சுரக்கும் ஹார்மோன்) ஏறினால் இளம் எலியின் தைமஸும் சுருங்கிவிடும், ஒப்பீடே போய்விடும்.

தைமஸ்தேடி:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மாதிரிகளில் ஐஎல்-7 (டி செல்களை வாழவைக்கும் சைட்டோகைன்) அளக்கலாமா? அது சுரக்கிற புரதம்தானே?

பிளேட்வாஷர்:
அளக்கலாம், எலைசா பொருந்துகிற இடம் அதுதான். ஆனால் மிகக் குறைவாக இருக்கும், ஆரோக்கியமான மனிதர்களிலேயே மில்லிக்குச் சில பிகோகிராம்தான், அதனால் ஹை-சென்சிடிவிட்டி கிட் வேண்டும். பிளேட்லெட்டுக்குள்ளும் (ரத்தம் உறைய உதவும் துணுக்குகள்) ஐஎல்-7 இருக்கிறது, ரத்தம் உறையும்போது வெளியே கொட்டும். ஆகவே சீரத்தை விட்டுவிட்டு ஈடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) பிளாஸ்மா எடுங்கள். அளவு ஏறியிருந்தால் தைமஸ் அதிகமாகச் சுரக்கிறது என்று உடனே எழுதிவிடாதீர்கள், டி செல்கள் குறைந்தால் அதை உபயோகிக்க ஆள் இல்லாமலும் ஏறும்.

தைமஸ்தேடி:
புரிந்தது. உப்பு பஃபரில் எடுத்த தைமஸ் சாற்றை இன்று நீர்த்துப் பார்த்தேன், இந்த முறை ஓடி ஒழுங்காக இறங்குகிறது. சீரத்தில் ஸ்பைக் செய்தது பாதிகூடத் திரும்பவில்லை, அந்த எண்களை நீக்கிவிட்டேன். வெள்ளிக்கிழமை ஃப்ளோ மெஷினில் இரண்டு மணி நேரம் கிடைத்திருக்கிறது, கேட்டிங் (செல் வகைகளைப் பிரிப்பது) படத்தோடு வருகிறேன்.