முதல் எபிசோடு பார்த்த நாள்: காரைக்குடிப் பக்கத்துக்காரர்களே, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பள்ளத்தூர் பேத்தி

தூர்தர்ஷன் ராமாயணத் தொடரிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1987 ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை. அப்போது எந்தெந்த வளவு வீட்டில் டிவி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். எங்கள் தெருவில் ஐயா வீட்டில் இருந்தது. ஒன்பதரைக்குள் பட்டாலை (வீட்டுக் கூடம்) நிறைந்துவிடும். இடம் கிடைக்காதவர்கள் முற்றத்தைச் சுற்றித் தூணோரமாக நிற்பார்கள். இந்தி யாருக்கும் தெரியாது, கதை எல்லாருக்கும் தெரியும்.

முதல் நாளைவிட எனக்கு மறக்காதது பல மாதம் கழித்து வந்த ஒரு ஞாயிறு. ஆயா, அதாவது என் பாட்டி, சின்ன வயதிலிருந்தே காரைக்குடி கம்பன் விழாவுக்குப் போய் வந்தவர். டிவியில் லட்சுமணன் குடிசை வாசலில் அம்பால் கோடு கிழித்தான். ஆயா சத்தமாகவே கேட்டார்: "இது எங்கேயிருந்து வந்துச்சு? கம்பன்ல கோடு ஏது?" பட்டாலையில் யாரும் வாய் திறக்கவில்லை. முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு இரண்டாம் கட்டுக்குள் போய்விட்டார். கம்பனில் ராவணன் சீதையைத் தொடுவதே இல்லை, பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்து எடுத்துப் போவான். அதைச் சொல்லிச் சொல்லி எங்களை வளர்த்தவர் அவர். இவ்வளவு கோபத்தோடு எழுந்து போனவர், அடுத்த ஞாயிறு எல்லாருக்கும் முன்னால் குளித்துவிட்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஏன் திரும்பி வந்தார் என்று நான் இன்னமும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

கோட்டையூர்க்காரன்

பள்ளத்தூர் ஆச்சிக்கு ஒரு விஷயம். அந்தக் கோடு கம்பனில் மட்டுமல்ல, வால்மீகியிலும் இல்லை. தொடரை இயக்கிய ராமானந்த சாகர் ஒரே நூலை வைத்து எடுக்கவில்லை. வால்மீகி, துளசிதாசர் என்று பலருடையதையும் சேர்த்துத்தான் எடுத்தார், கம்பராமாயணமும் அதில் உண்டு. அதனால் நம் கம்பனை ஒதுக்கிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். ராமரும் சீதையும் முதலில் பார்த்துக்கொள்வதையே எடுத்துக்கொள்ளுங்கள். துளசிதாசரில் பூந்தோட்டத்தில், நம்மவரில் சீதை கன்னிமாடத்தில் நிற்க அவன் கீழே தெருவில் வருகிறான். சாகர் தோட்டத்தைத்தான் எடுத்தார். எனக்குக் கன்னிமாடம்தான் உசத்தி, ஆனால் அவர் காட்டியதும் அழகாகத்தான் இருந்தது.

சரி, என் கதை. மகாபாரதம், 1988 அக்டோபர் 2. காந்தி ஜெயந்தியும் ஞாயிறும் ஒன்றாக வந்த நாள். சக்கரம் சுற்றி, காலம் பேசுகிற அந்தக் குரல் வந்ததும் கரண்ட் போய்விட்டது. வீடு முழுக்க "ஐயோ" என்று ஒரே குரல். அப்போது எங்கள் ஊர் ரேடியோ மெக்கானிக் அண்ணன் சைக்கிள் கேரியரில் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வந்தார். கறுப்பு வெள்ளை போர்ட்டபிள் டிவி பேட்டரியிலும் ஓடும் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். வயரைப் பல்லால் கடித்து உரித்தார், இரண்டு முனையிலும் கிளிப் மாட்டினார், படம் வந்துவிட்டது. எல்லாரும் டிவி பக்கம் திரும்பிவிட்டோம். அவருக்கு ஒரு வாய் காபி கொடுக்கக்கூட ஆள் இல்லை. இன்னொரு வீட்டுக்கும் போக வேண்டும் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஊருக்கெல்லாம் முதல் எபிசோடு காட்டியவர் அதைப் பார்த்தாரா என்றே தெரியவில்லை.

பள்ளத்தூர் பேத்தி

கோட்டையூர் அண்ணனுக்கு நன்றி. கம்பனை ஒதுக்கினார்கள் என்று நான் சொல்லவில்லையே. நான் கேட்டது ஆயாவைப் பற்றி.

கண்டனூர் வாசகன்

தூர்தர்ஷனையே பேசிக்கொண்டிருந்தால் எப்படி? விடாது கருப்பு பார்த்தவர்கள் இங்கே யாரும் இல்லையா? 1990களின் பின்பாதி, மர்மதேசம் தொடர் வரிசையில் இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம். கருப்பர் யார் என்று நம் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மற்ற ஊர்க்காரர்களுக்கு அது மர்மக்கதை. எங்களுக்கு அப்படி இல்லை. ஊர் எல்லையில் அரிவாளோடு நிற்கிற சாமி அது, மண்குதிரை நேர்ந்து விடுகிற சாமி.

எங்கள் வீட்டில் தோட்ட வேலை பார்த்த பெரியவர் கருப்பருக்குச் சாமியாடுபவர். தொடர் ஆரம்பித்த புதிதில் ஒரு ராத்திரி முகப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். உள்ளே டிவியில் குதிரைக் குளம்புச் சத்தம் வந்தது. திண்ணைப் பக்கம் ஏதோ உருளுகிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். பித்தளைச் செம்பு உருண்டு கிடக்கிறது, பெரியவர் இரண்டு கையாலும் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். தோள் நடுங்குகிறது, பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. அப்பத்தா ஓடிவந்து திருநீறு அள்ளிப் பூசினார். அப்பச்சி டிவியை அணைத்தார். கொஞ்ச நேரத்தில் பெரியவர் செம்பை எடுத்து, சிந்திய தண்ணீரைத் தோளில் கிடந்த துண்டால் துடைத்துவிட்டு, "பிள்ளைகளைப் படுக்கச் சொல்லுங்க ஆச்சி" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் அந்த நேரத்துக்கு அவரே வேறு வேலை வைத்துக்கொண்டு போய்விட்டார். எங்களைப் பார்க்க வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. கருப்பர் கதை எங்களுக்கு முதலில் சொன்னதே அவர்தான்.

தேவகோட்டை மகள்

சன் டிவி தொடர்கள் வந்துதான் வீடு கெட்டது என்று எப்படியும் யாராவது இங்கே எழுதுவீர்கள். அதற்கு முன்னால் நான் சொல்லிவிடுகிறேன். சித்தி 1999 டிசம்பரில் ஆரம்பித்தது. அப்பா இறந்து, அண்ணன் சிங்கப்பூர் போய், நான் சென்னையில் வாழ்க்கைப்பட்டுப் போன பிறகு, அந்த அரண்மனை மாதிரி வீட்டில் அம்மா தனி ஆள். எட்டு மணிக்கே விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவார். சித்தி வந்த பிறகு பக்கத்து வீட்டு ஆச்சி இரவுப் பலகாரத்தைத் தூக்கில் எடுத்துக்கொண்டு வர ஆரம்பித்தார். அவர்கள் இரண்டு பேருக்கும் பாகப் பிரிவினையில் ஏற்பட்ட வருத்தத்தால் வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லை. ராதிகா அழுததைப் பார்த்துவிட்டுத்தான் முதல் வார்த்தை பேசினார்களாம். என்ன பேசினீர்கள் என்று கேட்டால் அம்மா சிரிப்பார், சொல்ல மாட்டார். நான் போனில் கூப்பிட்டால், "இரு, விளம்பரம் வரட்டும்" என்பார். அந்தக் குரலில் இருந்த தெம்பை நான் மறக்க மாட்டேன்.

புதுவயல் 61

நான் சுருக்கமாக. நாதஸ்வரம் தொடர், 2010. மெட்டி ஒலி எடுத்த திருமுருகன் நம் காரைக்குடிக்கே வந்து எடுத்தது. நாம் தினம் நடக்கிற தெருவை டிவியில் பார்த்த அந்த முதல் வாரம் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவ்வளவுதான்.

ஆனால் அதற்குப் பிறகு ஷூட்டிங்குக்கு வீடு விடுகிறவர்கள் நம் பக்கத்தில் கூடிவிட்டார்கள். அவர்களுக்காகச் சில விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பங்காளி வீட்டை ஒரு படக் கம்பெனிக்கு விட்டு, திரும்ப வந்தபோது இருந்த கோலம் என் கண்ணிலேயே நிற்கிறது. முதலில், பங்கு உள்ள அத்தனை பேரும் கையெழுத்துப் போடாமல் சாவி கொடுக்காதீர்கள். ஊரில் இருக்கிற ஒருவர் சம்மதித்து, வெளியூரில் இருக்கிறவர் டிவியில் பார்த்துத் தெரிந்துகொண்டால் அந்தச் சண்டை ஆயுசுக்கும் தீராது. அட்வான்ஸ் தவிர, சேதாரத்துக்கு என்று தனியாக ஒரு தொகை வாங்கி வையுங்கள். யூனிட் வருவதற்கு முந்தின நாள் ஒவ்வொரு பத்தியையும் (முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம்) போட்டோ எடுத்துத் தேதி போடுங்கள். கேமரா டிராலி தண்டவாளத்தைத் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் மேல் நேராகப் போட விடாதீர்கள். அது சூளையில் வெந்த கல் இல்லை, கண்ணாடி மேல் சிமெண்டும் சாயமும் ஊற்றித் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிற கல். இரும்புக் கால் பட்டால் பூ அப்படியே பெயர்ந்துவிடும். கீழே சாக்கு, அதன் மேல் பலகை, அதற்கு மேல்தான் தண்டவாளம். பர்மா தேக்குத் தூணில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். சுவர் முக்கியம். முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய சுண்ணாம்புச் சுவரில் ஒட்டு டேப் ஒட்டிப் பிய்த்தால் பளபளப்பு அதோடு போய்விடும், இன்றைக்கு அதைத் திரும்பப் பூசத் தெரிந்த கொத்தனாரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஜெனரேட்டர் வண்டி தெருவில்தான் நிற்க வேண்டும், உள்வாசலுக்கு வரக் கூடாது. சாமி அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள், எவ்வளவு கொடுத்தாலும் திறக்காதீர்கள். ஷூட்டிங் முடிந்ததும் கல்லைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடையுங்கள், ஆசிட் பக்கமே போகாதீர்கள்.

கண்டனூர் வாசகன்

ஐயா, இங்கே யாரும் வீடு விடப்போவதாகச் சொல்லவில்லையே. இருந்தாலும் சாமி அறை விஷயம் நூற்றுக்கு நூறு சரி.

ஆத்தங்குடி கல்லுக்காரர் மகன்

புதுவயல் ஐயா சொன்ன எண்ணெய் விஷயத்தில் அளவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அளவுக்கு மேல் போனால் தூசி பிடித்துக் கல் கறுத்துவிடும். ஒரு துளியை நீளத் துணியில் தடவி இழுத்தால் போதும். மற்ற நாளில் நல்ல தண்ணீர்தான். நடக்க நடக்கத்தான் அது மினுங்கும். பூட்டிப் போட்ட வீட்டில் எந்த எண்ணெயும் வேலைக்கு ஆகாது.

நாதஸ்வரம் என்றால் எனக்கு 2014 மார்ச் 5. ஆயிரமாவது எபிசோடை நேரடி ஒளிபரப்பாகச் செய்தார்கள், 23 நிமிடம் 25 வினாடி, நடுவில் வெட்டே கிடையாது. கின்னஸில் இடம்பிடித்தது. கயிறு கட்டி எங்களைத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். பக்கத்து டீக்கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. நடிகர் பேசுவது முதலில் தெருவிலிருந்து காதில் விழும், கொஞ்சம் கழித்து அதே வசனம் டீக்கடை டிவியிலிருந்து வரும். எந்தப் பக்கம் பார்ப்பது என்று கூட்டமே தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு வசனம் எதுவும் ஞாபகம் இல்லை. வசனம் மறந்துவிட்டால் என்ன செய்வார்கள் என்ற பயத்தில், எனக்குச் சம்பந்தமே இல்லாத அந்த நடிகர்களுக்காகக் குன்றக்குடி முருகனிடம் வேண்டிக்கொண்டு நின்றேன். முடிந்ததும் டீக்கடைக்காரர் அன்றைக்கு யாரிடமும் காசு வாங்கவில்லை. அன்று அங்கே நின்றவர்கள் வேறு யாராவது இருந்தால் எழுதுங்கள்.